அம்மாவுக்குச் சூடு வருது

முதல் முறை அது வந்தபோது ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். நெஞ்சுக்குழியில் யாரோ அடுப்பைப் பற்றவைத்ததுபோல் குபீரென்று ஒரு வெப்பம். கழுத்தில் ஏறி, கன்னத்தில் அறைந்து, காதுக்குள் புகுந்தது. ஒரே நிமிடத்தில் சுடிதார் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் நின்ற பெண்ணின் கூடை என் இடுப்பில் இடித்தது. அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீச வேண்டும் என்று கை துடித்தது. வீசவில்லை. இறங்கும்போது பார்த்தேன், கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து. மகள் கயல் ஒன்றாம் வகுப்பு. கணவர் கத்தாரில் ஓட்டுநர். மாதவிடாய் வந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.

இதே வயதில், இதே சூட்டோடு, ‘எனக்குப் புத்திதான் கெட்டுப்போகிறதோ’ என்று பயந்துகொண்டிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்ததை மறைத்துவிட்டு எழுதினால் யாருக்கும் பயனில்லை.

மாதவிடாய் தள்ளிப்போனால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே பெயர்தான். “முழுகாம இருக்கா” என்பார்கள். கர்ப்பமாக இருக்கிறாள் என்று பொருள். திருமயத்தில் இருக்கும் என் நாத்தனார் சரோஜா அண்ணியிடம் தொலைபேசியில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“எங்கிட்ட என்னடி ஒளிவு? தம்பி லீவுல வந்துட்டுப் போயி நாலு மாசந்தானே ஆகுது?”

“கர்ப்பம் பாக்குற அட்டையில ஒரு கோடுதான் வருது அண்ணி. மூணு தடவ பாத்துட்டேன்.”

“அட்டைக்கு என்ன தெரியும்? அட்டையா புள்ள பெத்துச்சு?”

நானும் அதை நம்ப விரும்பினேன். விலங்கியல் பட்டம் வாங்கியவள் நான். சினைப்பையை (கருமுட்டையை உருவாக்கும் உறுப்பு) எத்தனை முறை பதிவேட்டில் வரைந்து வண்ணம் தீட்டியிருப்பேன். ஆனாலும் மூன்று அட்டைகள் சொன்னதைவிட அண்ணி சொன்னது இனிப்பாக இருந்தது. மருத்துவரிடம் போகாமல் இன்னும் இரண்டு மாதங்களைக் கழித்தேன்.

அந்த இரண்டு மாதங்களில் என் கைகளுக்குத் தனியாக ஒரு மூளை முளைத்தது. டம்ளரைச் சுவரில் எறிந்தேன். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. மிக்சி மூடி திறக்கவில்லை என்று ஜாரைத் தரையில் மோதினேன். படுக்கை வியர்வையில் நனைந்து தூக்கம் கலையும். விடியும்போதே யாரையாவது கடித்துக் குதறலாம் போலிருக்கும். ஒருநாள் தலை பின்ன உட்கார்ந்தபோது நெளிந்தாள் என்று கயலின் முதுகில் அறைந்தேன். குளிப்பாட்டும்போது அங்கே என் நான்கு விரல்கள் இருந்தன. அதன்மேல் தண்ணீர் ஊற்றினேன்.

“என்னங்க, ஒடம்பெல்லாம் நெருப்பா எரியுது” என்று வீடியோ அழைப்பில் கணவரிடம் சொன்னேன்.

“ஏசி வேணும்னா நேரா கேளேன். நான் இங்கன வெயில்ல வெந்துக்கிட்டு வண்டி ஓட்டுறேன். நீ எரியுதுங்கிற!” என்று சிரித்தார்.

கைபேசியை ஓங்கி எறிந்தேன். அது மெத்தையில் விழுந்தது. இதைப் பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த வெறியிலும் மெத்தையைப் பார்த்துத்தான் எறிந்திருக்கிறேன். அப்படியானால் என்னால் அடக்க முடிந்திருக்கிறது. குழந்தையிடம் மட்டும் ஏன் முடியவில்லை?

அந்தக் காலை ஒரு சாதாரணப் பள்ளி நாள். வேன் வர ஐந்து நிமிடம் இருந்தது. கயல் பாலைத் தட்டிவிட்டாள். யூனிஃபார்ம், காலுறை எல்லாம் நனைந்தன. அதே நொடி எனக்குள் அடுப்புப் பற்றிக்கொண்டது. கையில் தோசைக் கரண்டி இருந்தது. கல்லிலிருந்து அப்போதுதான் எடுத்தது.

“சூடு வச்சிருவேன்டி!”

எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். சொல்லிவிட்டு விடுவார்கள். நான் குனிந்து, அவள் தோளைப் பிடித்து, கரண்டியைத் தொடைக்குக் கொண்டுபோனேன். அவள் கத்தவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரண்டியின் நுனி பாவாடை ஓரத்தில் பட்டது. பாலியஸ்டர் துணி பொசுங்கிச் சுருங்கி, கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. பிளாஸ்டிக் எரியும் வாடை வந்தது. அந்த வாடைதான் என்னை நிறுத்தியது. அவள் தோல் தப்பியது என் நல்ல குணத்தால் அல்ல. துணி இரண்டு விரல் நீளம் அதிகமாக இருந்ததால்.

வேறு பாவாடை மாட்டி வேனில் ஏற்றிவிட்டேன். பொசுங்கியதை அலமாரிக்குள் ஒளித்தேன்.

இரண்டு நாள் கழித்து வகுப்பாசிரியை கூப்பிட்டார். “கயல் அம்மாங்களா? கொஞ்சம் ஸ்கூல் வரைக்கும் வர முடியுமாங்க?”

என்னைவிட வயதில் சின்னப் பெண் அவர். கயலைப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

“பாப்பா என்னமோ சொல்லுது, எனக்குச் சரியாப் புரியலங்க. ‘அம்மாவுக்குச் சூடு வருது, சூடு வந்தா கரண்டிய எடுக்கும், பாவாட ஓட்டையாயிருச்சு’ங்குது. ஒங்களுக்குச் சூடு வருதா, நீங்க சூடு வைக்கிறீங்களா?”

“அயர்ன் பாக்ஸ் பட்டுருச்சுங்க மிஸ்” என்றேன். எப்படி அவ்வளவு விரைவாக வந்தது அந்தப் பொய் என்று தெரியவில்லை.

கயல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஆசிரியையிடம் திரும்பி, “ஆமா மிஸ், அயர்ன் பாக்ஸு” என்றாள்.

ஆறு வயதுக் குழந்தை என் பொய்க்கு முட்டுக்கொடுத்தது. யாராவது என் கன்னத்தில் ஓங்கி அறைந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டி, முதுகில் விழுந்த அறை, ஐந்து மாதமாக நின்றுபோன மாதவிடாய் எல்லாம்.

ஆசிரியை ஆறுதல் சொல்லவில்லை. “ஒங்களத் திட்ட எனக்கு வயசு இல்லீங்க. ஆனா வாராவாரம் பாப்பா கையி காலு முதுகெல்லாம் நான் பாப்பேன். ஒரு தடம் இருந்தாலும் ஹெச்.எம். கிட்ட எழுதிக் குடுத்துருவேன். சூடு வருதுங்கிறீங்கள்ல, மொதல்ல டாக்டரப் பாருங்க.”

அவர்மீது அன்று எனக்குக் கோபம். இன்று அவர் பெயரைக் கேட்டாலே கண் கலங்குகிறது.

அண்ணியைத் துணிப்பையோடு வந்து எங்களோடு தங்கச் சொன்னேன். நானே கேட்டுக்கொண்டதுதான்: கயலை என்னோடு தனியாக விட வேண்டாம். சோறூட்டுவதும் குளிப்பாட்டுவதும் அண்ணி கைக்குப் போயின. ஒரே வீட்டில் இருந்தும் என் மகள் என்னிடமிருந்து நாலடி தள்ளியே நடந்தாள். என் நெற்றியில் வியர்வை அரும்பினால் போதும், விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து அண்ணி பின்னால் போய் நின்றுகொள்வாள். வானம் பார்த்து மழை சொல்கிறவர்களைப்போல என் முகத்தைப் பார்க்கப் பழகியிருந்தாள். அவள் மறுபடி என்னிடம் தானாக வருவாளா? எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை.

புதுக்கோட்டையில் ஒரு மகளிர் மருத்துவரிடம் போனோம்.

“கடைசியா எப்பத் தலைக்குக் குளிச்சீங்க?”

நான் வாயைத் திறக்குமுன் அண்ணி, “முழுகாமத்தான் டாக்டர் இருக்கா, அந்த அட்டதான் காட்டிக்குடுக்க மாட்டேங்குது” என்றார்.

ஸ்கேன் பார்த்தார்கள். கருப்பை காலி. சினைப்பைகள் சிறுத்திருந்தன. ரத்தத்தில் தைராய்டு, ஈஸ்ட்ரோஜன் (பெண் உடலின் முக்கிய ஹார்மோன்), எஃப்.எஸ்.ஹெச். (சினைப்பையை வேலை செய்யச் சொல்லி மூளை அனுப்பும் ஹார்மோன்) மூன்றையும் பார்க்கச் சொன்னார். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். இரண்டு முறையும் எஃப்.எஸ்.ஹெச். மிக அதிகம், ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு.

“மூளை கதவத் தட்டோ தட்டுன்னு தட்டுது. உள்ள இருந்து பதில் இல்ல” என்றார் மருத்துவர். நோயின் பெயர் முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு (நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பை தன் வேலையைக் குறைத்துக்கொள்வது). எனக்கு ஏன் வந்தது என்று கேட்டேன். பலருக்குக் காரணம் தெரிவதில்லை என்றார். என் பெரியம்மாவுக்கும் சீக்கிரமே நின்றுவிட்டதை அன்றுதான் நினைவுகூர்ந்தேன். குடும்பத்தில் யாரும் அதை வாய்விட்டுப் பேசியதில்லை.

குபீர் வெப்பம், வியர்வை, தூக்கமின்மை, மூட்டு வலி, மறதி, எரிச்சல், கணவர் வந்திருந்தபோது நான் சொல்லாமல் பொறுத்துக்கொண்ட வலி. எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. தனித்தனியாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹார்மோன் சிகிச்சை என்றதும் அண்ணி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “அதப் போட்டா கேன்சர் வரும்ங்கிறாங்களே டாக்டர்?”

“வயசாகி மாதவிடாய் நின்னுபோனவங்க கூடுதலா, ரொம்ப வருஷம் எடுத்துக்கிறதப் பத்தின பயம் அது. அதுலயும் ஆளப் பாத்துத்தான் சொல்லணும். இவங்களுக்கு நான் கூடுதலா ஒண்ணும் குடுக்கல. இந்த வயசுல ஒடம்புல இருக்க வேண்டியது இல்ல, அதத் திருப்பிக் குடுக்குறேன். குடுக்காம விட்டாத்தான் எலும்பும் இருதயமும் கெடும்.”

மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, தோலில் தடவும் ஜெல் என்று ஈஸ்ட்ரோஜன் பல வடிவில் கிடைக்கிறது. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு என்பதால் ஜெல்லைத் தேர்ந்தெடுத்தார். தோல் வழியாகப் போவதில் ரத்தம் உறையும் ஆபத்து குறைவாம். கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது. கருப்பையின் உட்சுவர் தடித்துவிடும். அதனால் மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் புரோஜெஸ்டிரோன் (உட்சுவரைக் காக்கும் ஹார்மோன்) மாத்திரையும் உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு, ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு வேறு வழி பார்ப்பார்களாம். ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன. இது கருத்தடை அல்ல என்பதையும் சொன்னார். அரிதாகச் சினைப்பை விழித்துக்கொள்வதுண்டு. எலும்பு அடர்த்திச் சோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். ‘என் தோழி எடுத்தாள்’ என்று யாரும் வாங்கிப் போடாதீர்கள். உங்கள் உடலைப் பார்த்து ஒருவர் சொல்ல வேண்டும்.

கடைசியில் நான் கேட்க வந்ததைக் கேட்டேன். “இதப் போட்டா பாப்பாவ அடிக்க மாட்டேனா டாக்டர்?”

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “தூக்கம் வரும். சூடு கொறையும். பொறுமையும் கொஞ்சம் திரும்பும். ஆனா கைய ஓங்காம இருக்க ஜெல்லு கெடையாதும்மா. அதுக்கு வேற ஒருத்தரப் பாக்கணும்.” மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். “தடவுன எடத்துல கொழந்த தோல் படக்கூடாது. மருந்து அதுக்கும் ஏறிரும். கையக் கழுவுங்க, நல்லாக் காயட்டும், துணியால மூடுங்க.”

ஏற்கெனவே நாலடி தள்ளி நடக்கிறவள் இதற்குமேல் தள்ளி நிற்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலோசகர் கற்றுத்தந்தது ஒன்றுதான். சூடு தொடங்கியதும் கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும். தரையில் உட்கார வேண்டும். “சூடு வருது” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டதும் கயல் அறையைவிட்டுப் போகலாம், அம்மா கோபிக்கமாட்டாள் என்று அவளிடமும் சொல்லிவைத்தோம். முதல் வாரங்களில் நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருப்பாள். வெறுந்தரையில் உட்கார்ந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு முறை கத்தினேன். கை ஓங்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் விடியும்வரை தூங்கினேன். இரண்டாம் மாதத்தில் சூடு நாளுக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. மாத்திரை முடிந்த நாலாம் நாள் உதிரம் வந்தது. அண்ணி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, “ஒருவழியா முழுகிட்டியாடி!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குளியலறையில் கொஞ்சம் அழுதேன். அது என் உடல் தானாகத் தந்தது அல்ல. ஜெல் குப்பியும் மாத்திரை அட்டையும் தந்தது.

அண்ணி திருமயம் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. போகுமுன் அந்தப் பொசுங்கிய பாவாடையைத் தேடி எடுத்து, ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டுப் போனார். கயல் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறாள். மடித்த இடம் மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். ஆசிரியை இன்னும் வாராவாரம் பார்க்கிறார்.

ஐம்பது வயதுவரை இந்த ஜெல்லைத் தடவ வேண்டும். அப்போது கயலுக்கு இருபத்தொன்று ஆகியிருக்கும். என் வயது இப்போது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அடையாள அட்டையில் ஒன்று, சினைப்பையில் ஒன்று. நடுவில் தினமும் காலையில் மேல்கையில் ஈரமாக ஒரு ஜெல் பூச்சு.

இன்று காலை கதவைத் திறந்துவைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். கயல் சீப்பும் ரிப்பனுமாக வந்து நிலைப்படியில் நின்றாள். யாரும் அனுப்பவில்லை.

“காஞ்சிருச்சாம்மா?”

“இன்னும் இல்லடா தங்கம். அங்கிட்டே நில்லு.”

கொஞ்ச நேரம் நின்றாள். வேன் வரும் நேரம். பிறகு நிலைப்படியைத் தாண்டாமலே குனிந்து, கன்னத்தை உப்பவைத்து, என் கையை நோக்கி ஊதத் தொடங்கினாள். சூடு பட்ட இடத்தில் ஊதுவதுபோல.