கொட்டகையில் கட்டிய வீடு

மாட்டுக்காரர் பிடிவாதக்காரர். மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் தன்னோடு வந்து இருந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மகனும் ஒருவழியாக இறங்கி வந்தான்.

"வர்றோம்ப்பா. ஆனா அந்த ரெண்டு ரூம்ல அஞ்சு பேர் எப்படி இருக்கறது?"

அவ்வளவுதானே! பக்கத்தில் நீளமாகக் கிடந்த கொட்டகையை வீடாக்கிவிடுவது என்று மாடுகளை விற்றார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது, "உனக்கு மாடு வேணுமா, புள்ள வேணுமா?" என்று அதட்டினார். தீவனத் தொட்டி இருந்த இடத்தில் சமையல் மேடை வந்தது. மூத்திரக் கால்வாயை மூடி அதன் மேல் கூடம். வைக்கோல் பரண், ஜன்னல் வைத்துப் பேத்தியின் அறை ஆனது.

கொத்தனார் மட்டும் இழுத்தார். "ஐயா, தரை மண்ணை மொத்தமா வெட்டி எடுத்துட்டு வேற மண்ணு போடணும். இத்தனை வருஷத்து மூத்திரம் ஊறிக் கிடக்கு. நாத்தம் போகாது."

"என்ன நாத்தம்? எனக்கு ஒண்ணும் வரலையே!"

மனைவியையும் கூப்பிட்டுக் கேட்டார். அவளும் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஆயுசு முழுக்க மாட்டோடு கிடந்த இரண்டு மூக்குகள் கூடி எடுத்த முடிவு அது. மண்ணின் மேலேயே சிமெண்டைக் கொட்டி, பளபளவென்று டைல்ஸ் பதித்தாயிற்று.

வந்தவர்கள் வாய் திறக்கவில்லை. மருமகள் எந்நேரமும் ஜன்னல்களைத் திறந்தே வைத்திருந்தாள். காற்றோட்டம் பிடிக்கும் போல என்று மாமியார் மெச்சிக்கொண்டாள். பேத்தி மூக்குவரை போர்த்திக்கொண்டு தூங்கினாள். குளிராக்கும் என்று தாத்தா இன்னொரு கம்பளி வாங்கி வந்தார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களைச் சாத்த வேண்டியதாயிற்று. மருமகள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். மாமியாருக்கு வாயெல்லாம் பல்.

"நல்ல சேதியாம்மா?"

மருமகள் அழுதுவிட்டாள். "இல்லத்தே... நாத்தம். என்னால முடியலத்தே."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். "முதல் நாளே இருந்துச்சுப்பா. ஆசை ஆசையா கட்டியிருக்கீங்க, எப்படிச் சொல்றது? துணியெல்லாம் நாறுதுன்னு ஸ்கூல்ல பாப்பா பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க."

அந்தக் கடைசிப் பேச்சு மாட்டுக்காரரைக் கொன்றுபோட்டது. மழை விட்டதும் அவர்கள் மூட்டை கட்ட, அவரே பெட்டிகளைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

"நாத்தம் போனதும் சொல்லுங்கப்பா, வந்துடறோம்" என்றான் மகன்.

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் கடப்பாரையை எடுத்துவிட்டார். டைல்ஸைப் பெயர்த்து, சிமெண்டை உடைத்து, நாள்கணக்கில் தோண்டினார். இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டு ஒரு பிடி மண்ணை முகர்ந்து பார்த்தார். மேலே நின்ற மனைவியிடம் நீட்டினார்.

"இன்னும் அடிக்குதா பாரு."

அவள் முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். "எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள்.

அவர் கடப்பாரையை ஓங்கினார். போதும் என்று சொல்லத் தெரிந்த மூக்கு அந்த வீட்டில் இல்லை.