மச்சானின் வலது கால்

கைலியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, மாவுக்கட்டுக் குழம்பு நிறைந்த தொட்டிக்குள் மச்சான் வலது காலை வைத்து நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. “சூடா குளிரா ஒண்ணும் தெரியல மாப்ள, யாரு காலோ மாதிரி இருக்கு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சான் என் அக்காவின் கணவர். திண்டுக்கல்லில் அவரும் நானும் சேர்ந்து செருப்புக்கடை நடத்தினோம். சர்க்கரை நோயால் அவர் பாதங்களில் உணர்ச்சி போய்விட்டது. ஒரு புண் வந்து பெரும்பாடு பட்டு ஆறியிருந்தது. இன்னொன்று வந்தால் கால் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன்னைப் போன்றவர்களுக்கென்றே மெத்தென்ற செருப்பு ஒன்றைச் செய்து விற்கும் யோசனை அப்போதுதான் அவருக்கு வந்தது. கடைக்குப் புதுச்சரக்கு என்று வெளியே சொல்லிக்கொண்டோம். எனக்கும் அக்காவுக்கும் அது அவர் காலைக் காப்பாற்றும் வழி.

செய்து தருபவரைத் தேடி அலைந்தோம். ஒருவர் ஆயிரம் ஜோடிக்குக் குறைந்து தொடமாட்டேன் என்றார். இன்னொருவர் எதைச் சொன்னாலும் “செஞ்சிரலாம்” என்றார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் பட்டறை வைத்திருந்தவர்தான், நாங்கள் வரைந்து கொண்டுபோன செருப்புப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, “ஏனுங்க, யாருக்குங்க சர்க்கரை? காலைக் காட்டுங்க” என்றார். காலையில் அளவெடுக்க மாட்டேன், நாளெல்லாம் நின்று வீங்கிய காலோடு சாயங்காலம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். மச்சானுக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. “படத்தப் பாக்காம என் காலப் பாத்தான்ல, இவன்தான்” என்றார். சுண்டுவிரல் பக்கம் எலும்பு புடைத்த அவருடைய வலது காலையே மாவுக்கட்டில் அச்சாக எடுத்தார்கள். இடதுக்கு அதையே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

முதல் மாதிரி கல்லாக இருந்தது. இரண்டாவது பார்க்க அழகு. மச்சான் உள்ளே கைவிட்டுத் தடவி, வாரின் தையல் முண்டுகிறது என்றார். “அப்படியே போட்டுப் பழகுங்க மச்சான்” என்று கெஞ்சினேன். “குத்துனா என் காலுக்குத் தெரியாதுடா, வாங்குறவன் கால் புண்ணாயிரும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பேர் நேர்மை என்று ஊர் சொல்லும். எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது. மூன்றாவது மாதிரி வருவதற்குள், அவர் போட்டிருந்த பழைய செருப்பில் ஆணி ஒன்று மேலே எழும்பிவிட்டது. பொழுதெல்லாம் அதன்மேலேயே நடந்திருக்கிறார். வாசலில் ரத்தத்தைப் பார்த்து அக்கா அலறியபோதுதான் அவருக்கே தெரிந்தது.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மூன்றாவது மாதிரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இடது காலில் ஒன்றை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை மடியில் வைத்து வெகுநேரம் தடவினார். “குறையே இல்ல மாப்ள. இதையே போடச் சொல்லு, அச்ச மாத்தாத” என்றார். பிறகு மெதுவாக, “போன கால் அரிக்குதுடா, எங்க சொறியிறது?” என்று கேட்டார். அடுத்த நோன்புப் பெருநாளுக்கு அவர் இல்லை.

செருப்பு நன்றாகவே விற்கிறது. ஆத்தூர், தாடிக்கொம்பு என்று எங்கெங்கிருந்தோ வந்து வாங்குகிறார்கள். சுண்டுவிரல் பக்கம் அகன்ற அந்தக் காலின் மேல் ஊரே நடக்கிறது. பஸ் ஸ்டாண்டில் யாராவது அதைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் போனால் நான் அவரை முந்துவதில்லை.

போன மாதம் ஒருநாள், இரவு பெய்த மழை விடியுமுன் ஓய்ந்திருந்தது. அக்கா போன் செய்து வரச் சொன்னாள். பேகம்பூரில் அவள் வீட்டு வாசலில், ஈரமண்ணில், எங்கள் செருப்பின் தடம் தெருவிலிருந்து படிவரை வந்திருந்தது. கேஸ் சிலிண்டர் போடுபவரோ யாரோ வந்திருப்பார் என்றேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

“யாரும் கதவத் தட்டலடா தம்பி. வந்த தடம் இருக்கு. திரும்பிப் போன தடம் எங்கடா?”

மழையில் அழிந்திருக்கும் என்று சொன்னேன். அக்கா கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.