திலகா வண்டியின் பின்கதவு

மானாம்பதியில் கார் வைத்திருக்கிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. ஆனால் நடவுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவதற்கென்றே புதுக் கார் வாங்கியவள் திலகா ஒருத்திதான். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. நிலம் இல்லாதவளுக்குக் கார் எதற்கு என்று ஊரில் கேட்காத வாய் இல்லை. "நெலம் இருந்தா அங்கயே குந்திக்கினு இருப்பேன். இல்லாதவதான் ஊர் ஊரா அலையறா. அப்போ யாருக்கு காரு வோணும்?" என்று திலகா திருப்பிக் கேட்டாள். 

பாவாடை கட்டிய வயதிலிருந்தே அவள் சேற்றில் நிற்கிறாள். இப்போது நடவு செட்டுக்குத் தலைவி. யார் வயலில் என்றைக்கு நடவு, கூலி என்ன, நாஷ்டா யார் தருவது எல்லாம் அவள் பேசி முடித்தால்தான் பெண்கள் குனிவார்கள். குனிந்த பிறகும் அவள் வாய் நிமிர்ந்தே இருக்கும். வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்கும் நிலத்துக்காரரைப் பற்றி அவள் எடுத்துவிடும் பாட்டுகளை இங்கே எழுத முடியாது. அந்தச் சிரிப்புக்காகவே அவள் செட்டுக்கு ஆள் சேர்ந்தது.

கார் ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு ஷேர் ஆட்டோ. பக்கத்தில் பெருநகர் என்ற ஊரில் நடவு முடித்து, அடித்த மழையில் செட்டே ரோட்டோரம் நின்றது. ஆட்டோக்காரன் நிறுத்தினான், முழங்கால்வரை இருந்த சேற்றைப் பார்த்தான், சீட்டு பாழாகும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவன் ஒன்றும் வெளிநாட்டிலிருந்து வந்தவன் இல்லை, அவன் அம்மாவே களை எடுக்கிறவள். பஸ்ஸிலும் இதே கதைதான், படியோடு நிற்கச் சொல்வார்கள். அன்றைக்கு நனைந்துகொண்டே நடந்தபோது திலகா சொன்னாள், "இனிமே நம்ம வண்டியிலதான்டி போறோம்." எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. சீட்டுப் பணம் எடுத்தாள், தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள், கறவை மாட்டை விற்றாள். ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் பரீட்சையில் எட்டுப் போடும்போது ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டு, கம்பம் தப்பான இடத்தில் நட்டிருக்கிறது என்று அதிகாரியிடமே சண்டைக்குப் போனாள். புருஷன் சுப்பிரமணி மட்டும் இன்றுவரை அந்த வண்டியில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருகிறான்.

வண்டி வந்த நாளில் தெருவே கூடியது. ஏழு பேர் உட்காரும் வெள்ளை வண்டி. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். செட்டில் இருக்கும் சுகிர்தா கண்ணாடியில் ஒரு குட்டிச் சிலுவையைத் தொங்கவிட்டு, டயர்வரை தொட்டு நீளமாக ஜெபம் செய்தாள். கேசரி கொடுத்தார்கள். செட்டிலேயே மூத்தவள் செல்லாயி மட்டும் கேசரிக்கு வராமல் பின்கதவுப் பக்கம் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தாள். புதுப் பெயின்டில் மூஞ்சி பார்க்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். அந்த வண்டிமேல் செல்லாயிக்குத் தனிப் பாசம். அமாவாசைக்கு அமாவாசை சாவி கேட்டு வாங்கி, பின்பக்கத்தை அவளே கழுவிக் கொடுப்பாள்.

இரண்டாவது தீபாவளி வருவதற்குள் பின்கதவின் அடியோரம் பெயின்ட் கொப்புளித்தது. முதலில் பார்த்தவன் சுப்பிரமணி. "வண்டிக்கு அம்மை போட்டுகீது" என்றான். திலகா நகத்தால் ஒரு கொப்புளத்தைக் கீறினாள். உள்ளே செம்பழுப்பாகத் துரு. வேப்பிலை கட்டலாமா என்று கேட்டவனை அவள் பார்த்த பார்வையில் அவன் டீக்கடைக்குப் போய்விட்டான்.

மறுநாளே செல்லாயியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ராஜகுளத்தில் இருந்த சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோனாள். மேனேஜர் வசந்த்குமார் டை கட்டிய பையன். குனிந்து பார்த்தான், டார்ச் அடித்தான், நிமிர்ந்தான்.

"இது வெறும் வெளித்தோற்றம்தான் மேடம். துரு தகட்டை ஓட்டை போட்டு அந்தப் பக்கம் வந்தாத்தான் வாரன்டி. மேல கொப்புளம் வந்தா கிடையாது."

"அப்போ ஓட்டை வுழற வரிக்கும் வூட்ல குந்திக்கினு பாத்துக்கினு இருக்கணுமா?"

"வண்டி நல்லா ஓடுது இல்ல மேடம்?"

"உன் மூக்கு மேல கட்டி வந்தா, மூச்சு வுட முடியுதேன்னு சொம்மா வுட்டுருவியா சார்?"

வசந்த்குமார் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். மிதியடியில் காய்ந்த சேறு, வைக்கோல், ஒரு நாற்றுக் கட்டின் மிச்சம். அவனுக்கு விடை கிடைத்துவிட்டது. "யாரை ஏத்துறீங்க இதுல?" என்று கேட்டான். திலகா சொன்னாள். அவன் செல்லாயியின் காலைப் பார்த்தான். "அதான் மேடம். அந்தச் சேத்துல உரம் இருக்கும், மருந்து இருக்கும். அந்தக் காலோட ஏறினா இரும்பு என்ன ஆகும்? இந்த மாதிரி ஆளுங்களை ஏத்தினா வண்டி இப்படித்தான்."

திலகா அங்கேயே கத்தினாள். கத்தியதில் பலன் இல்லை. கஷ்டம் என்னவென்றால், அவன் சொன்னதைச் செல்லாயி கேட்டுவிட்டாள். கேட்டதை அப்படியே கொண்டுபோய்ச் செட்டில் இறக்கினாள்.

அதற்கப்புறம் நடந்ததைத் திலகாவால் தாங்க முடியவில்லை. வேலை முடிந்து மோட்டார் கொட்டகையில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். சுகிர்தா யூரியா சாக்கை விரித்து அதன்மேல் காலை வைத்தாள். இன்னொருத்தி இரண்டு காலிலும் பிளாஸ்டிக் பையை மாட்டி நூலால் கட்டிக்கொண்டு ஏறினாள். வண்டிக்குள் ஒருத்தியும் சத்தமாகப் பேசவில்லை, பாட்டு இல்லை. கடைசியில் செல்லாயி, "நாங்க பஸ்ல வந்துடறோம் திலகா. ஆசையா வாங்கின வண்டி, எங்க காலால பாழாவ வோணாம்" என்றாள். பஸ்ஸில் படியோடு நிற்கச் சொல்வார்கள் என்று அவளுக்கும் தெரியும். திலகா காலி வண்டியை ஓட்டிக்கொண்டு தனியாக வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. துருவுக்காக இல்லை. எந்தக் காலுக்காக அந்த வண்டியை வாங்கினாளோ அந்தக் கால் அதில் ஏறப் பயந்தது.

அழுகை முடிந்ததும் கோபம் வந்தது. திலகாவுக்கு அதுதான் சௌகரியமான நிலை. அடுத்த நடவு முடிந்து பெண்கள் கரையேறியதும் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "எவளாவது காலைக் கழுவினா நாளையிலருந்து என் செட்ல இல்ல. ஏறுங்கடி."

ராஜகுளம் சர்வீஸ் சென்டரின் முன்பக்கம் புதுக் கார் விற்கும் ஷோரூம், அதன் தரை கண்ணாடிபோல இருந்தது. திலகா முன்னால், செட்டு பின்னால். சேறு சொட்டச் சொட்ட உள்ளே நடந்தார்கள். புதுக் கார் பார்க்க வந்த குடும்பம் ஒன்று சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டது.

"இந்தக் காலால இரும்பு துருப்புடிக்குதுன்னு சொன்னியே சார், எல்லா காலையும் இட்டாந்துக்கீறேன். உன் புதுக் காரு ஒண்ணை வுடு. ஏறி குந்தறோம். துருப்புடிக்குதான்னு பாக்கலாம்."

வசந்த்குமாருக்கு வேர்த்தது. பேசினான், கெஞ்சினான். செட்டு அசையவில்லை. சோபாக் குடும்பம் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்ததும் இறங்கி வந்தான். "சரி மேடம். வாரன்டியில வராதுதான். இருந்தாலும் கம்பெனிக்குப் பேசி ஃப்ரீயா பெயின்ட் அடிச்சுத் தரேன். ஒரே ஒரு கண்டிஷன். இனிமே இவங்களை ஏத்தாதீங்க. மறுபடி துரு வந்தா நான் பொறுப்பில்ல." கதவைப் பிரித்து போட்டோ எடுக்க ஒரு மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, போன் பேச உள்ளே போனான்.

மெக்கானிக் பின்கதவின் உள்பக்கம் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான். பொத்தென்று ஒரு துணி முடிச்சு விழுந்தது. மஞ்சள் துணி, நசநசவென்று ஈரம், உள்ளே கல்லுப்பு. கை விட்டுத் துழாவினான். இன்னொன்று வந்தது. அப்புறம் இன்னொன்று. சில முடிச்சுகளில் உப்பு கரைந்துபோய்க் கறுத்த மிளகாய்தான் மிச்சம். கதவின் அடியில் உப்புத் தண்ணீர் தேங்கித் தகட்டைத் தின்றிருந்தது. திருஷ்டிக்குக் கட்டும் உப்பு. உப்பளத்தையே கதவுக்குள் வைத்து ஓட்டியிருக்கிறாள் திலகா.

எல்லோரும் செல்லாயியைப் பார்த்தார்கள்.

"கண்ணு படக் கூடாதுன்னுதான்டி" என்றாள் செல்லாயி. "வெச்சதை வெளில சொன்னா பலிக்காதுன்னு சொல்லல. அமாவாசைக்கு அமாவாசை இந்த மூடி இடுக்குல புதுசு ஒண்ணு சொருகுவேன். வண்டி வந்த அன்னிக்கு ஊரே எப்டி பாத்துச்சி, நீயே சொல்லு."

"பழசை எடுக்க மாட்டியாக்கா?" என்று கேட்டாள் திலகா.

"எடுத்தா ஓடற தண்ணில போடணும். செய்யாத்துல எங்க தண்ணி ஓடுது?"

சுகிர்தா சட்டென்று முடிச்சுகளை அள்ளித் தன் மடியில் கட்டினாள். "அந்த ஆளு வர்றதுக்குள்ள மூடு. ஃப்ரீயா அடிச்சித் தரேன்னுட்டான் இல்ல? கர்த்தர் மன்னிப்பாரு." மெக்கானிக் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரை அக்கறையாகப் படித்தான்.

திலகா திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள், செட்டின் கால்களைப் பார்த்தாள். இலவசப் பெயின்ட் வேண்டும்தான். ஆனால் அதை வாங்கினால், காரணம் கால் என்று ஆகிவிடும். கதவு வெள்ளையாகிவிடும், இவர்கள் ஆயுசுக்கும் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு திரிவார்கள். சுகிர்தாவின் மடியை அவிழ்த்து முடிச்சுகளை வாங்கினாள். உள்ளே போய் வசந்த்குமாரின் மேஜைமேல் சொத சொதவென்று கொட்டினாள்.

"இதான் சார் துரு. கண்ணுக்குப் பயந்து நாங்களே வெச்ச உப்பு. பெயின்ட் நானே அடிச்சிக்கிறேன்."

வசந்த்குமாரின் முகம் மலர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான் பாவம். "நான் அப்பவே சொன்னேன் மேடம், எங்க வண்டியில குறை இல்லன்னு."

"வண்டில குறை இல்ல. காலு?"

"என்ன மேடம்?"

"இவங்க காலால துருப்புடிக்கலியே? சொல்லு."

"இல்ல மேடம். கால் இல்ல. உப்புதான்."

"அங்க வந்து சொல்லு. அவங்களுக்குக் கேக்கல."

அவன் மேஜையைப் பார்த்தான். உப்புத் தண்ணீர் சாவிக் கொத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து வெளியே வந்தான். சேற்றுக் காலோடு வரிசையாக நின்றவர்களுக்கு முன்னால் டையைச் சரிசெய்துகொண்டு சொன்னான். "உங்க காலால வண்டிக்கு ஒண்ணும் ஆகலம்மா. நான் சொன்னது தப்பு." யாரும் கைதட்டவில்லை. சுகிர்தா மட்டும் ஆமென் என்றாள்.

வெளியே எல்லோரும் தள்ளுமுள்ளோடு ஏறினார்கள். செல்லாயி கடைசியாக நின்று, புடவைத் தலைப்பால் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குத் தொடைக்கிறே? முன்னாடி வந்து குந்துக்கா."

"முன்சீட்டா? நானா? அதுவும் நான் பண்ணின வேலைக்கா?"

"உப்புக்கு வூட்ல வெச்சிக்கிறேன் உன்னை. இப்போ ஏறு."

செல்லாயி ஏறினாள். காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்திலேயே வைத்திருந்தாள். திலகா வண்டியை எடுக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், கத்தினார்கள், அவள் எடுக்கவில்லை. செல்லாயி மெல்ல இரண்டு பாதத்தையும் மிதியடிமேல் அழுத்தி ஊன்றினாள். அப்புறம்தான் வண்டி கிளம்பியது.