வாடாப்பூக்காரர் காட்டுக்குப் போன கதை

தெருவில் அவருக்குப் பெயர் வாடாப்பூக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. இருபது வருஷமாக பிளாஸ்டிக் பூ, பிளாஸ்டிக் செடி, பிளாஸ்டிக் புல் வியாபாரம். அதுகளுக்குத் தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், பாசமும் வேண்டாம். அவ்வப்போது தூசி துடைத்தால் போதும். அதற்கான துணி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். கடைக்கு வந்தவர் ஒரு ரோஜாவைத் தொட்டுவிட்டால் போதும், "அப்படியே நிஜம் மாதிரியே இருக்கு பாருங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். தூக்கத்தில்கூட அதைத்தான் உளறுகிறார் என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.

மனைவி தபால் ஆபீஸ் கவுண்டரில் முத்திரை குத்துகிறவர். எல்லாருக்கும் தபாலம்மா. சொன்னால் சொன்னதுதான். ஒருமுறை சினிமாக் கொட்டகையில், கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது, அவள் பின்னால் இருந்த பூத்தொட்டிக்கு இவர் விலை சொன்னார். "இனிமே உங்களைப் படத்துக்குக் கூப்பிட மாட்டேன்" என்றார் தபாலம்மா. ஆயிற்று ஏழு வருஷம். பக்கத்து வீட்டு அக்காவோடு போய் வருகிறார். இவர் வீட்டில் உட்கார்ந்து வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், "எனக்குப் படமெல்லாம் பிடிக்காதுங்க" என்பார். பச்சைப் பொய்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் கடைத்தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்து கணுக்கால் அளவு வெள்ளம். எல்லாக் கடையும் மூடியாயிற்று. அன்று பார்த்து தபாலம்மாவுக்கு அரைநாள் லீவு. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார்.

"வாங்க, ஆத்தோரக் காட்டுக்குப் போவோம்."

"என்ன திடீர்னு?"

"திடீர்னுதான். ஆனா கடைப் பேச்சு வந்துச்சு, இனிமே உங்களை எங்கேயுமே கூப்பிட மாட்டேன்."

இவர் அவசரமாகத் தலையாட்டினார். சினிமாதான் போயிற்று, மிச்சமும் போனால் மனுஷன் என்ன செய்வார்?

காட்டுக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தது சோதனை. எங்கே பார்த்தாலும் சரக்கு. அதுவும் என்ன சரக்கு? ஒரு இலை மாதிரி இன்னொன்று இல்லை. பாதி பழுப்பு, பாதி பூச்சி அரித்தது. கடைக்கு வந்திருந்தால் லாரியோடு திருப்பி அனுப்பியிருப்பார். "ஃபினிஷிங் சரியில்லை" என்பது தொண்டை வரை வந்துவிட்டது, இருமி விழுங்கினார். கைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. தபாலம்மா முன்னால் நடக்க, இவர் பாதையோரச் செடி ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது இலையில் தபாலம்மா திரும்பிவிட்டார்.

"செடி மேல இவ்வளவு பிரியமா உங்களுக்கு?" உருகிப் போய்க் கேட்டார்.

"பின்னே?" என்றார் இவர், துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

அதற்கப்புறம் நன்றாகவே போயிற்று. ஓடையில் கால் நனைத்தார்கள். மீன்கொத்தி ஒன்று தண்ணீரில் பாய்ந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள். பாறை தாண்டும்போது தபாலம்மா இவர் தோளைப் பிடித்தார். தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. இவருக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. வாய்க்குப் போட்டிருந்த பூட்டை மறந்தே போனார்.

தபாலம்மா குனிந்து புல்லுக்குள் ஒரு குட்டி நீலப்பூவைக் காட்டினார். நகத்தளவு. நடுவில் மஞ்சள் புள்ளி, ஒரு இதழில் தண்ணீர்த்துளி. மனுஷன் உண்மையாகவே சொக்கிப் போனார். மனசிலிருந்த அத்தனை பாராட்டையும் திரட்டிச் சொன்னார்:

"அப்படியே நிஜம் மாதிரியே இருக்கு."

தோளிலிருந்த கை இறங்கியது. "போலாம், நேரமாச்சு" என்றார் தபாலம்மா. வழியெல்லாம் இவர், "பாராட்டித்தான் சொன்னேன்" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மூன்று தடவையும் காக்காய்தான் பதில் சொன்னது.

அந்த வாரம் கடையில் யார் ரோஜாவைத் தொட்டாலும் அவர் வாயே திறக்கவில்லை. தொட்டவர்கள் வாங்காமலே போனார்கள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் எந்தக் குழாயும் உடையவில்லை. ஆனாலும் இவர் கடையை மூடினார். தபால் ஆபீஸ் வரிசையில் பதினோராவது ஆளாக நின்று, முறை வந்ததும், "ஆத்தோரம் போலாமா?" என்று கேட்டார்.

தபாலம்மா முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை. "உங்களைக் கூப்பிட மாட்டேன்னு சொன்னேனே."

"நீதானே கூப்பிட மாட்டே? நான் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லலையே."

முத்திரை நின்றது. தபாலம்மா நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சட்டைப் பையில என்ன?"

இவர் துணியை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். தபாலம்மா அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். பிறகு பக்கத்து நாற்காலிக்காரரிடம் லீவு ஃபாரம் கேட்டார்.