விளக்கை அணைச்சியா?

சுவிட்சர்லாந்துக்கு நான்தான் போகப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். கம்பளிச் சட்டை தேடி லிட்டில் இந்தியாவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். “பினாங்குல யாருக்கும்மா குளிருது?” என்று சிரித்த கடைக்கார அண்ணன், எங்கிருந்தோ சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

கடைசியில் போனது தம்பி. கூடப்பிறந்தவன் இல்லை, எங்கள் ஆய்வுக்குழுவில் எனக்குப் பின்னால் சேர்ந்தவன். “அக்கா, அக்கா” என்று சுற்றிவந்தவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே நான்தான். “அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. நீங்க பாவம், உங்களுக்குக் குடும்பம் இருக்கு” என்றார் எங்கள் பேராசிரியர். என்னைக் கேட்டாரா? கேட்கவே இல்லை. அங்கே குளிரில் நடுங்குவானே என்று அந்தச் சட்டையையும் அவனிடமே கொடுத்துத் தொலைத்தேன்.

அங்கே பூமிக்கடியில் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். சிதறுகிற துகள்கள் எந்தப் பக்கம் போயின என்று காட்டுவது மெல்லிய சிலிக்கான் தகடுகள். அவற்றில் கொஞ்சத்தை நாங்கள் இங்கே சோதித்து அனுப்புகிறோம். தகட்டைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, மின்னழுத்தம் கொடுத்து, எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று பார்ப்போம். துளி வெளிச்சம் பட்டாலும் கசிவு எகிறிவிடும். என் கைபடாமல் ஒரு தகடுகூட விமானம் ஏறியதில்லை. நான்தான் ஏறவில்லை.

அவன் தினமும் படம் அனுப்புவான். தலைக்கவசத்தோடு, சுரங்கத்துக்குள் இறங்கும் லிஃப்டில், பனி கொட்டிய வாசலில். பார்க்கப் பார்க்க வயிறு எரியும். என் அம்மா வேறு, “ஐயோ பாவம், சோத்துக்கு என்ன பண்றானோ” என்பாள். பாவமாம்!

ஒரு நாள் இரவு சூலியா தெருவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான். குரலே சரியில்லை.

“அக்கா, நம்ம தகடெல்லாம் போச்சுக்கா. கசிவு ஏறிக்கிட்டே போகுது. வர்ற வழியில அடிபட்டிருக்குமோ? நாளைக்கு மீட்டிங்ல பழுதுன்னு சொல்லணும்லா.”

சோற்றைத் தள்ளிவைத்தேன். அதே நேரம் இன்னொன்றும் உறைத்தது. பழுது என்றால், சோதித்த ஆளை அனுப்புங்கள் என்பார்கள். அந்த ஆள் நான்தானே!

“படம் எடுத்து அனுப்பு” என்றேன்.

வந்தது. கறுப்புப் பெட்டி, மேலே கறுப்புத் துணி, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. ஆனால் கேபிள் நுழைகிற ஓட்டை திறந்து கிடந்தது. இங்கேயும் அது திறந்துதான் கிடக்கும். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது, சோதனை தொடங்கும் முன் விளக்கை அணைத்துவிடுவோம். அதனால் அந்த ஓட்டையை யாரும் நினைத்ததே இல்லை, நான் உட்பட.

“விளக்கை அணைச்சியா?”

“எப்படிக்கா அணைக்கிறது? பெரிய ஹாலு. ஊரே வேலை செய்யுது இங்க.”

தெரியலையே தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிக்கெட் எனக்கு. சத்தியமாக நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என் தகடுகளைப் பழுது என்று நாலு பேர் பேசுவார்களே! அதை நினைத்தபோது இன்னும் அதிகமாக வயிறு எரிந்தது.

“கேபிள் போற ஓட்டைய அடைடா, மடையா!”

சற்று நேரத்தில் மறுபடி கூப்பிட்டான். கசிவு இறங்கிவிட்டது. “அக்கா, நீங்க தெய்வம்கா!”

மறுநாள் இணையவழிக் கூட்டத்தில், கண்டுபிடித்தது அக்காதான் என்று எல்லார் முன்னாலும் சொன்னான். திட்டவாவது ஒரு காரணம் வைத்தானா, பாவி!

பேராசிரியருக்கு முகமெல்லாம் பல். “பாத்தீங்களா? நீங்க இங்க உக்காந்தே அங்க உள்ளதைச் சரிபண்ணிடுறீங்க! அடுத்த தடவையும் தம்பியே போகட்டும்லா. நீங்க போய்ட்டா இங்க யாரு இருக்கா?”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். திரையில் அவன் என் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்குக் கையசைத்தான். அளவெடுத்துத் தைத்ததுபோல அவனுக்குச் சரியாக இருந்தது.