சைப்பிரஸ் ஆந்தையும் லயத்து எலிகளும்

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை, வேலைக்கு ஆள் பிரிக்க மாட்டார்கள். ஆனாலும் நாகலெட்சுமி விடியுமுன்னே எழுந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தொழிலாளர் வீடுகள் ஒட்டி வரிசையாக நிற்கும் லயத்துக்கு மேலிருக்கும் சைப்பிரஸ் காட்டுக்கு ஏறிவிடுவாள். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். பறவை பார்ப்பது அவளாகப் பழகிக்கொண்டது. ஐப்பசி பிறந்தால் வலசை வரும் ஆறுமணிக் குருவி வந்துவிட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு திரிவாள்.

அன்று கிளம்பும்போதே கணவன் கந்தப்பன் சொன்னான்: "வரும்போது கடையில எலி மருந்து வாங்கிட்டு வா. அரிசிப் பையில ஓட்ட போட்டுருச்சு, கம்பளியயும் கடிச்சிருச்சு."

மழை விட்டு, மூட்டம் மட்டும் மிச்சமிருந்தது. வழக்கமான கிளையில், அவள் பல நாளாகப் பார்த்துவரும் ஆந்தை மரத்தோடு மரமாக உட்கார்ந்திருந்தது. அது கக்கிப்போட்ட உருண்டை ஒன்று அடியில் கிடந்தது. குச்சியால் பிரித்தாள். எலி மயிர், நூல் போன்ற எலும்பு, இரண்டு பல். தின்பது லயத்து எலியைத்தான்.

இறங்கும் வழியில், மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரமாக ஒரு எலி. பட்டப்பகலில், ஆள் வந்தும் ஓடவில்லை. தள்ளாடியது. வாயெல்லாம் நீல மருந்து. இருட்டும்வரை இது இங்கேயே கிடந்தால் ஆந்தைக்குச் சுலபமான இரை. அதோடு ஆந்தையும் போகும். எலி அடங்கும்வரை காத்திருந்து, குழி தோண்டிப் புதைத்து, மேலே கல்லை வைத்தாள். கண்ணில் பட்டது ஒன்று. படாதவை?

கடைப் பக்கமே திரும்பவில்லை. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் சோலைமலை, வாசல் இஸ்தோப்பில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மருந்து வச்சீங்களா?"

"வச்சேன். ஒன் வீட்டு எலியும் சேந்து சாகும், சந்தோசப்படு."

"அத எடுத்துருங்கண்ணே. மருந்து தின்ன எலியத் தின்னா ஆந்தை செத்துப்போகும்."

"ஆந்தையா! அது கத்துனா ஆகாதுன்னு ஊரே பயப்படுது, நீ என்னடான்னா அதுக்கு வக்காலத்து வாங்குற!"

"மருந்து வச்சீங்களே, எலி நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு?" என்று சோலைமலை தேத்தண்ணியை உறிஞ்சினார்.

நிற்காது. லயம் முழுக்க ஒரே தகரக் கூரை. நடுச்சுவர்கள் தகரம்வரை போகாமல் பாதியில் நின்றுவிடும். அந்தச் சந்து வழியாக எலிகள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடும்.

"மேல அடைக்காம கீழ எத வச்சாலும் வரும். ஒங்க பக்கத்தயும் நானே அடைக்கிறேன். மருந்த எடுங்க."

"நீயா? ஏணி ஏறுவியா?"

"மலை ஏறுறவளுக்கு ஏணி என்னண்ணே?"

"சரி. ஆனா அடுத்த ஞாயித்துக்குள்ள என் வீட்டுல ஒரு எலி ஓடுனாலும் மருந்து திரும்ப வரும்."

"ஓடாது."

வீட்டுக்குள் கந்தப்பன், "மருந்து எங்க?" என்றான்.

"வாங்கல. ஏணியப் பிடிங்க."

முணுமுணுத்தான், ஆனாலும் பிடித்தான். பழைய தகரத்தைத் தட்டி நேராக்கி, கல்லும் மண்ணும் கொஞ்சம் சீமெந்தும் வைத்து, மத்தியானத்துக்குள் அவள் வீட்டுச் சுவரின் மேல்சந்துகளையும், சோலைமலை வீட்டின் மறுபக்கச் சந்தையும் அடைத்துவிட்டாள். கடைசிக் கல்லை வைக்குமுன் சந்து வழியே எட்டிப் பார்த்தாள். அடுத்த சுவரின் மேல் எலிப் புழுக்கை. அதற்கடுத்ததிலும். அந்த வீடுகளில் யார் எப்போது மருந்து வைப்பார்களோ?

கை கழுவவில்லை. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, துணி துவைத்துக்கொண்டிருந்த அடுத்த வீட்டு வினோதாவின் வாசலில் போய் நின்றாள்.

"வினோதா, எலி மருந்து இருந்தா முதல்ல எடுத்து வெளிய வையி. ஒன் சுவர அடைக்க வந்திருக்கேன்."