கதவைத் திறக்க வைக்கும் குரல்

மைசூரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் அவர், கொள்ளேகால்காரர். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் எங்கள் செயலிக்கு அவர் குரலையே நகலெடுப்பதா, கணினி உருவாக்கும் குரலை வைப்பதா என்று யோசித்தோம். மாதிரிக்குப் பேச வந்தார். ஒல்லியான உருவம், தோளில் பெரிய பை. "சாப்டீங்களா?" என்று மைக்கில் கேட்டுவிட்டு, தலையைச் சாய்த்துப் பதிலுக்குக் காத்திருந்தார். சிரித்துவிட்டோம்.

முடிந்ததும் தயங்கினார். "என்ற குரல் வேண்டாங்க சார். கேட்டா நான் வந்துட்டேன்னு நெனச்சு, பெரியவங்க முட்டி வலியோட எந்திரிச்சுப் போய்க் கதவத் தொறப்பாங்க."

கணினிக் குரலையே வைத்தோம். இன்று என் அம்மாவின் போனில் அது "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, காத்திருக்காமல் மாத்திரைப் பெயரைச் சொல்கிறது. அம்மா உட்கார்ந்தபடியே விழுங்குகிறாள். நான்தான் கதவைப் பார்க்கிறேன்.